ஆஸ்திரியால அக்கம்பக்கத்து வீடுங்க சோலார் கரண்ட பங்கு போட்டுக்கறாங்களாமே, அது எப்படி? பேட்டரியையும் பொதுவுல வச்சா லாபமா?

கேள்வி கேட்டவர் மூணு விஷயம் கேட்டிருக்கார். ஒருத்தர் மாடில வர்ற சோலார் கரண்ட் பக்கத்து வீட்டுக்கு எந்த ஒயர்ல போகுது, பத்து வீடு சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி வச்சா தனித்தனியா வாங்குறத விட லாபமா, ஊரே இருட்டானாலும் இந்த க்ரூப்ல இருக்கறவங்க வீட்ல மட்டும் லைட் எரியுமா. கடைசி கேள்விக்கு பதில் எரியாது, ஏன்னு கீழ சொல்றேன். நான் இருக்கறது ஆஸ்திரியால கிராட்ஸ்ங்கற நகரத்து பக்கம், எங்க தெருவும் சுத்தி இருக்கற ரெண்டு மூணு தெருவும் சேர்ந்து வச்சிருக்கற ஒரு சின்ன எனர்ஜி கம்யூனிட்டிக்கு (கரண்ட பங்கு போட்டுக்கற சங்கம்) கணக்கு பார்க்கற வேலைய என் தலைல கட்டிட்டாங்க, அதனால பேனல் விக்கறவங்க சொல்ற கதைக்கும் மாசக் கடைசில எக்செல்ல வர்ற நம்பருக்கும் எவ்ளோ தூரம்னு கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒயர். புதுசா ஒண்ணுமே இழுக்கறதில்ல, தெருவுல ஏற்கனவே இருக்கற அதே லைன்தான். உங்க வீடு எடுத்துக்கிட்டது போக மிச்ச கரண்ட் வெளிய போனா பக்கத்துல எங்க லோடு இருக்கோ அங்க தானா போய் சேர்ந்துடும், கம்யூனிட்டி இருந்தாலும் இல்லாட்டியும் அது அப்படித்தான் ஓடும். மாறுறது பில்லு. வழக்கமா நீங்க வெளிய விடற யூனிட்ட ஒரு கம்பெனி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கும், அதே நிமிஷம் எதிர்வீட்டுக்காரர் அவரோட கம்பெனிகிட்ட முழு விலை குடுத்து வாங்கிட்டு இருப்பார், அதுக்கு மேல லைன் சார்ஜ், வரி எல்லாம் தனி. 2021ல ஆஸ்திரியால வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி சட்டம் இந்த ரெண்டு பேரும் நேரா கணக்கு தீர்த்துக்கலாம்னு சொல்லிடுச்சு. ஐரோப்பிய யூனியன் 2018ல போட்ட டைரக்டிவ்தான் இதுக்கு மூலம், ஒவ்வொரு நாடும் அத அவங்க வசதிக்கு சட்டமாக்கிக்கிட்டாங்க, இத்தாலில எந்த சப்ஸ்டேஷனுக்கு கீழ வர்றீங்கன்னு பார்ப்பாங்க, ஸ்பெயின்ல கூட்டா சோலார் வச்சுக்கறதுக்கு எவ்ளோ கிலோமீட்டர் தள்ளி இருக்கீங்கன்னு பார்ப்பாங்க.

ஆஸ்திரியால எல்லைய முடிவு பண்றது டிரான்ஸ்பார்மர். இங்க கிரிட்ட, அதாவது மின் லைன் வலைய, ஏழு மட்டமா பிரிச்சிருக்காங்க, 380 கிலோவோல்ட் பெரிய லைன் ஒண்ணாவது மட்டம், நம்ம வீட்டுக்கு வர்ற 230/400 வோல்ட் லைன் ஏழாவது, தெரு முனை டிரான்ஸ்பார்மர் ஆறாவது. ஒரே தெரு டிரான்ஸ்பார்மருக்கு கீழ எல்லாரும் இருந்தா அது லோக்கல் கம்யூனிட்டி, உள்ளுக்குள்ள பங்கு போட்ட யூனிட்டுக்கு மட்டும் லைன் சார்ஜ்ல 57 சதவீதம் தள்ளுபடி. ஒரே சப்ஸ்டேஷனுக்கு கீழ, ஆனா வேற வேற டிரான்ஸ்பார்மர்ல இருந்தா ரீஜனல், சாதாரண வீட்டுக்கு தள்ளுபடி 28 சதவீதமா குறைஞ்சிடும். காரணம் நியாயமானதுதான், உங்க கரண்ட் மேல இருக்கற பெரிய லைனுக்கே போகல, அப்புறம் அதுக்கு எதுக்கு காசு குடுக்கணும். ஆனா இந்த தள்ளுபடி யூனிட்டுக்கு இவ்ளோன்னு வாங்கற சார்ஜுக்கு மட்டும்தான், மாசாமாசம் வாங்கற நிலையான சார்ஜ் அப்படியே இருக்கும், இத யாரும் மீட்டிங்ல முதல்ல சொல்றதில்ல.

கூட்டு சேர்றதுக்கு ரெண்டு பேர் இருந்தா போதும், சங்கமாவோ கூட்டுறவாவோ பதிவு பண்ணிக்கலாம், வீட்டுக்காரங்க, சின்ன நடுத்தர தொழில், பஞ்சாயத்து எல்லாம் சேரலாம், பெரிய கம்பெனி சேர முடியாது, லாபம் சம்பாதிக்கறதே முக்கிய நோக்கமா இருக்கக் கூடாது. இன்னொண்ணு, யாரும் அவங்க பழைய கரண்ட் கம்பெனிய விட்டு வர வேண்டியதில்ல. கம்யூனிட்டில கிடைச்சது போக மிச்சத்த அங்கதான் வாங்கணும், அதனால பில்லு ரெண்டு வரும். வயசானவங்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன் ரெண்டு பில்லுன்னு போன் பண்ணிட்டே இருப்பாங்க.

இப்ப இதோட உயிர்நாடிக்கு வர்றேன், 15 நிமிஷம். பங்கு போடறது மாசக் கணக்கிலயோ நாள் கணக்கிலயோ கிடையாது, ஒவ்வொரு 15 நிமிஷமும் ஒரு தனி டப்பா, ஒரு நாளைக்கு 96 டப்பா. மத்தியானம் 12:00லேர்ந்து 12:15க்குள்ள நீங்க வெளிய விட்ட யூனிட்ட அதே 12:00லேர்ந்து 12:15க்குள்ள இன்னொரு மெம்பர் இழுத்திருந்தாதான் அது பங்கு, 12:20க்கு அவர் வாஷிங் மெஷின் போட்டா அது பங்குல சேராது, உங்க பழைய யூனிட் அதுக்குள்ள அடிமாட்டு விலைக்கு போயிருக்கும்.

ஒரு டப்பாவ திறந்து பார்ப்போம். உங்ககிட்ட மிச்சம் 1 யூனிட். அதே நேரத்துல மூணு மெம்பர் இழுக்கறாங்க, முதல் ஆள் ஊர்ல இல்ல, ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடி 0.1 யூனிட், ரெண்டாவது ஆள் 0.9, மூணாவது ஆள் கார் சார்ஜ்ல போட்டு 1.0. ஆளுக்கு மூணுல ஒரு பங்குன்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தீங்கன்னா முதல் ஆளுக்கு 0.333 ஒதுக்குவாங்க, அவர் 0.1தான் எடுப்பார், மத்த ரெண்டு பேருக்கும் 0.333 மட்டும்தான், ஆக மொத்தம் 0.767தான் உள்ள பங்காச்சு, மிச்சம் 0.233 வெளிய போயிடும், அதுவும் ரெண்டு பேர் இன்னும் வேணும்னு காத்துட்டு இருக்கும்போது. யார் எவ்ளோ இழுக்கறாங்களோ அந்த விகிதத்துல பிரிச்சா 0.05, 0.45, 0.5, ஒரு துளி கூட வெளிய போகாது. முதல் முறைக்கு ஸ்டாட்டிக், ரெண்டாவதுக்கு டைனமிக்னு பேரு, காசு கணக்குல பார்த்தா டைனமிக் ஒருநாளும் தோக்காது, ஆனா அதுல ஒரு உறுத்தல் இருக்கு, நிறைய கரண்ட் செலவு பண்றவருக்கு நிறைய மலிவு கரண்ட் போகுது, ரெண்டு லைட்டும் ஒரு ஃப்ரிட்ஜும் வச்சிருக்கற பென்ஷன்காரருக்கு சொச்சம்தான். எங்க சங்கத்துல பேனல் எந்த பிராண்டுங்கறதுக்கெல்லாம் சண்டையே வரல, இதுக்குத்தான் வந்துச்சு. டைனமிக்கையே வச்சுக்கிட்டு, வருஷக் கடைசில கையில நிக்கற பணத்த மெம்பருக்கு இவ்ளோன்னு சமமா பிரிச்சோம், ஓரளவு அடங்குச்சு.

இந்த 15 நிமிஷ ரீடிங் கிடைக்க ஸ்மார்ட் மீட்டர் வேணும், மீட்டர் இருந்தாலும் சும்மா விட்டா நாளைக்கு ஒரு ரீடிங்தான் அனுப்பும், 15 நிமிஷ ரீடிங் அனுப்ப வீட்டுக்காரர் ஒப்புதல் குடுக்கணும். அப்ப நான் எப்ப குளிக்கறேன்னு உனக்கு தெரியுமான்னு ஒரு பாட்டி நேராவே கேட்டாங்க. தெரியும்தான், வெந்நீர் பாய்லர் ஆன் ஆனா கிராஃப்ல செங்குத்தா ஒரு கோடு ஏறும், அதனால அந்த ஃபைல யார் பார்க்கலாம் யார் பார்க்கக் கூடாதுன்னு எழுதி வச்சுக்கிட்டோம், நீங்களும் எழுதி வச்சுக்கங்க.

விலை சங்கம் முடிவு பண்றதுதான். கணக்கு புரியறதுக்கு வட்டமான நம்பரா எடுத்துக்கறேன், வெளிய வித்தா யூனிட்டுக்கு 6 சென்ட், வெளிய வாங்குனா கரண்டுக்கு மட்டும் 12 சென்ட், உள்ள 9ன்னு வச்சா ரெண்டு பேருக்கும் 3 சென்ட் மிச்சம், வாங்கறவருக்கு கூடவே லைன் தள்ளுபடி. ஆனா வெளி விலை ஆடும்போது இத திருப்பிப் பார்க்கணும். 2022ல மின்சார விலை தாறுமாறா ஏறுனப்போ வெளிய விக்கறதுதான் லாபம்னு ஆகிடுச்சு, அப்ப எதுக்கு அக்கம்பக்கத்துக்கு குறைச்ச விலைக்கு குடுக்கணும்னு பேனல் வச்சிருந்தவங்க கேட்டதுல தப்பு சொல்ல முடியாது. அதனால அஞ்சு வருஷத்துக்கு ஒரே விலைன்னு யாராவது சொன்னா கையெழுத்து போடாதீங்க.

என்னைக் கேட்டா கம்யூனிட்டி ஓடுமா படுத்துக்குமாங்கறது யாரை சேர்த்துக்கறீங்கங்கறதுலதான் இருக்கு, பேனல், பேட்டரி எல்லாம் அப்புறம். எல்லார் மாடிலயும் பேனல் இருக்கற தெருவுல கம்யூனிட்டி ஆரம்பிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, மத்தியானம் எல்லார்கிட்டயும் மிச்சம், ராத்திரி எல்லாருக்கும் பத்தல, யார் யாருக்கு குடுக்கறது. வேலைக்கு போற குடும்பங்களா இருந்தாலும் அதே கதைதான், பகல்ல வீடு பூட்டியிருக்கும். பகல்ல கரண்ட் தின்னுற ஆள் வேணும். பேக்கரிய சேர்த்தா நல்லதுன்னு தோணும், ஆனா அவங்க அடுப்பு எரியறது விடிகாலைல, சூரியன் வர்றதுக்குள்ள முக்கால்வாசி வேலைய முடிச்சிடறாங்க. ஸ்கூல் அடுத்து தோணும், பகல்ல ஓடுது, சனி ஞாயிறு லீவு, சரி, ஆனா வெயில் கொளுத்தற ஜூலை ஆகஸ்ட்ல இங்க ஒன்பது வாரம் லீவு, சரியா தேவைப்படற நேரத்துல ஆள் காணோம். ஊர் நீச்சல் குளம் இருக்கே, அது தங்கம், கோடைல மட்டும் திறக்கும், வெயில் அடிச்சாதான் கூட்டம் வரும், பம்பு நாள் முழுக்க ஓடும். அதவிட நல்ல ஆள் பஞ்சாயத்தோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், 24 மணி நேரமும் காத்து ஊதற மெஷின் ஓடிட்டே இருக்கும், நாத்தம் புடிச்ச மெம்பர்தான், ஆனா எக்செல்ல பார்த்தா அழகு. என்ன, அது ஊருக்கு வெளிய இருக்கும், வேற டிரான்ஸ்பார்மர், அதனால 28 சதவீத தள்ளுபடிதான். பரவால்ல, ஆள் இருக்கறது முக்கியம்.

ரெண்டாவது, வீட்டு வெந்நீர் பாய்லர். இங்க பழைய வீடுகள்ல ராத்திரி மலிவு கரண்ட்ல பாய்லர் ஓடற மாதிரி டைமர் வச்சிருப்பாங்க, அந்த டைமர பகல் 11 மணிக்கு திருப்பி விட்டாலே போதும், சுடுதண்ணி சாயங்காலம் வரைக்கும் சூடாத்தான் இருக்கும். செலவு ஒண்ணுமில்ல, பத்து நிமிஷ வேலை. நம்ம ஊர்ல போர் மோட்டார மத்தியானம் போட்டு மேல் டேங்க்க நிரப்பி வைக்கறதும் இதேதான்.

இதெல்லாம் பண்ணிட்டு அப்புறம் பேட்டரிக்கு வாங்க. வீட்டுக்குள்ள மீட்டருக்கு பின்னாடி வச்சிருக்கற பேட்டரியும் தெருவுக்கு பொதுவா வைக்கற பேட்டரியும் பார்க்க ஒண்ணா இருந்தாலும் கணக்குல ரெண்டும் வேற. வீட்டு பேட்டரில இருந்து ராத்திரி எடுக்கற ஒரு யூனிட், கரண்ட் விலை, லைன் சார்ஜ், வரி எல்லாத்தையும் மிச்சப்படுத்தும், மொத்தம் 30 சென்ட்னு வச்சா, வெளிய வித்திருந்தா கிடைச்சிருக்கற 6 போக 24 சென்ட் லாபம். பொது பேட்டரில இருந்து வர்ற யூனிட் தெரு லைன் வழியாத்தான் வரணும், அதனால குறைஞ்ச லைன் சார்ஜ் கட்டித்தான் ஆகணும், மிச்சம் ஆகறது கரண்ட் விலை வித்தியாசம் 6 சென்ட், தள்ளுபடில ஒரு 4 சென்ட், ஆக 10. இப்ப பேட்டரியோட செலவு. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 400 யூரோன்னு வச்சுக்குவோம், இங்க குளிர்காலத்துல சேமிக்க மிச்சமே இருக்காது, அதனால வருஷத்துக்கு 220 முழு சைக்கிள் (ஒரு தடவ முழுசா ஏத்தி இறக்கறது) கிடைச்சாலே நல்ல பேட்டரி, 15 வருஷத்துக்கு 3300, வகுத்தா யூனிட்டுக்கு 12 சென்ட். பெருசா வாங்கறதால 300க்கு பேசி முடிச்சாலும் 9 சென்ட், சார்ஜ் பண்ணி எடுக்கறதுல நூத்துக்கு பத்து பதினஞ்சு காணாம போயிடும், இன்சூரன்ஸ் இருக்கு, வைக்கற இடத்துக்கு வாடகை இருக்கு. 10 சென்ட் மிச்சத்துக்கு இத செஞ்சா கையக் கடிக்கும். பத்து வீட்டுக்கு தனித்தனியா 8 யூனிட் பேட்டரின்னா 80, பொதுவா வச்சா எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க மாட்டாங்க, 50 போதும்னு சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா லைன் சார்ஜ் அந்த லாபத்த தின்னுடும். கூடவே சார்ஜ் ஆகும்போது ஒரு தடவ, கரண்ட் வாங்கறவர்கிட்ட இன்னொரு தடவன்னு லைன் சார்ஜ் ரெண்டு முறை விழற ஆபத்தும் இருக்கு, நாட்டுக்கு நாடு விதி மாறும், கிரிட் ஆபீஸ்ல எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் ஆர்டர் குடுங்க.

அப்ப பொது பேட்டரி எங்கயுமே தேறலையான்னா, தேறியிருக்கு, மேற்கு ஆஸ்திரேலியால மெடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடம், 2018ல அரசு மின் நிறுவனங்கள் ரெண்டு சேர்ந்து பொதுவா ஒரு டெஸ்லா பேட்டரி வச்சாங்க, 105 கிலோவாட், 420 யூனிட். சோலார் வச்சிருந்த 52 வீடு அதுல ஆளுக்கு 8 யூனிட் இடத்த ஒரு நாளைக்கு 1 டாலர்னு வாடகைக்கு எடுத்துக்கிட்டாங்க, பகல்ல மிச்சத்த அதுல வரவு வச்சுட்டு சாயங்காலம் எடுத்துக்கலாம். இது எப்படி கட்டுபடியாச்சுன்னா பேட்டரிய வச்சது லைன் கம்பெனியே, அந்த ஏரியால சாயங்கால லோட தாங்க லைன பெருசாக்கற செலவு அவங்களுக்கு தள்ளிப்போச்சு, வாடகை அதுக்கு மேல வர்ற வரவு. பேட்டரிக்கு ரெண்டு மூணு வேலை குடுக்க முடியணும், வெறும் மத்தியான கரண்ட ராத்திரிக்கு தள்ளறது மட்டும்தான் வேலைன்னா கட்டாது.

ஏற்கனவே வீட்ல பேட்டரி வச்சிருக்கறவங்க காசே செலவில்லாம ஒண்ணு பண்ணலாம், செட்டிங்க மாத்தறது. சும்மா விட்டா கோடைல காலைல 7 மணிக்கே பேட்டரி சார்ஜ் ஏற ஆரம்பிச்சு 10, 11க்குள்ள நிரம்பிடும், அப்புறம் மத்தியானம் ஊர்ல எல்லார்கிட்டயும் மிச்சம் குவியற நேரத்துல இவரும் கொட்டுவார். காலைல வெளிய விட்டுட்டு 11க்கு மேல சார்ஜ் பண்ணுன்னு இன்வெர்ட்டர்ல சொல்லிட்டா காலை நேர கரண்ட் மெம்பர்களுக்கு போகும், பேட்டரி எப்படியும் சாயங்காலத்துக்குள்ள நிரம்பிடும். மேகமூட்டமான நாள்ல மட்டும் இது உதைக்கும். இத ஆட்டோமேட்டிக்கா பண்ண கம்யூனிட்டி மீட்டர் ரீடிங்க பயன்படுத்தலாமான்னு கேப்பாங்க, முடியாது, அந்த 15 நிமிஷ ரீடிங் கையில கிடைக்கறதே அடுத்த நாள்தான், பில்லு போடத்தான் ஆகும், பேட்டரிய ஓட்ட ஆகாது. நேரலையா வேணும்னா ஒவ்வொரு வீட்டு மீட்டர்லயும் ஒரு சின்ன ரீடர் கருவி மாட்டணும்.

இப்ப கரண்ட் கட். கிரிட் போனா சோலார் இன்வெர்ட்டர் உடனே நின்னுடும், அது கோளாறு இல்ல, வேணும்னேதான் அப்படி செஞ்சிருக்காங்க, லைன் செத்துப்போச்சுன்னு நம்பி கம்பத்துல ஏறுன லைன்மேன் மேல உங்க கரண்ட் பாயக் கூடாது. வீட்டு பேட்டரிக்கு தனியா பேக்கப் வசதி இருந்தா வீட்ட லைன்லேர்ந்து பிரிச்சுட்டு உங்களுக்கு மட்டும் ஓடும். தெருவ அப்படி பிரிக்க முடியாது, ஒரே டிரான்ஸ்பார்மருக்கு கீழ மெம்பர் இல்லாத வீடும் கலந்திருக்கு, அத தனியா ஓட்டணும்னா அதுக்குன்னு சுவிட்ச், கண்ட்ரோல் எல்லாம் லைன் கம்பெனி போடணும், அதுதான் மைக்ரோகிரிட், வேற சமாச்சாரம், வேற பட்ஜெட்.

இத படிச்சிட்டு அப்ப தமிழ்நாட்டுல பண்ணலாமான்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். அங்க வீட்டு சோலாருக்கு நெட் மீட்டரிங் இருக்கு, மத்தியானம் விட்ட யூனிட்ட ராத்திரி எடுத்த யூனிட்டுல கழிச்சுடறாங்க, அதாவது கிரிட்டே உங்களுக்கு ஓசி பேட்டரி. அது இருக்கற வரைக்கும் லாபத்துக்காக பேட்டரி வாங்கறதுல அர்த்தமே இல்ல, கரண்ட் கட்டுக்கு வேணா வாங்கலாம். கூடவே ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், குறைவா செலவு பண்ற வீட்டுக்கு பக்கத்து வீட்டு சோலார் கரண்ட காசு குடுத்து வாங்க என்ன தலையெழுத்து. அபார்ட்மென்ட்ல லிஃப்ட், மோட்டார், மாடிப்படி லைட்டுக்கு வர்ற பொது பில்லுக்கு 2022ல தனி ரேட் போட்டாங்க இல்ல, வீட்டு ரேட்ட விட ஜாஸ்தி, அங்க மொட்டை மாடில சோலார் வச்சு அத குறைக்கறதுதான் முதல்ல பார்க்க வேண்டியது. டெல்லில 2019லயே விர்ச்சுவல் நெட் மீட்டரிங்னு விதி கொண்டு வந்தாங்க, ஒரு இடத்துல வச்ச சோலார் யூனிட்ட பல பேர் பில்லுல பங்கு விகிதப்படி கழிச்சுக்கலாம், ஆஸ்திரிய முறைக்கு கிட்டத்துல வர்றது அதுதான், 15 நிமிஷ கெடுபிடி இல்லாம.

பேட்டரியோட ஊருக்கே சோலார்னா குஜராத்ல மோதேரா, 2022ல அறிவிச்சாங்க, 6 மெகாவாட் சோலார், 15 மெகாவாட்-ஹவர் பேட்டரி, கூடவே 1300க்கு மேல வீட்டு மாடில தலா 1 கிலோவாட், ஆனா அது கிரிட்டோட சேர்ந்தே இருக்கறது, அரசாங்கமே காசு போட்டது. இன்னொரு பக்கம் பீகார்ல தர்னாய், 2014ல க்ரீன்பீஸ் மத்த அமைப்புகளோட சேர்ந்து 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் பேட்டரியோட வச்சாங்க, 30 வருஷத்துக்கு மேல கரண்ட் இல்லாத ஊர், பெரிய செய்தி. பின்னாடியே கிரிட் வந்துச்சு, சோலார விட மலிவா, ஃப்ரிட்ஜ் எல்லாம் போடலாம், ஜனங்க அங்க போயிட்டாங்க, அப்புறம் பேட்டரி செத்துச்சு, மாத்தறதுக்கு காசும் இல்ல ஆளும் இல்ல, கடைசில அந்த இடத்துல மாடு கட்டி வச்சிருந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. பொது பேட்டரி வாங்கறவங்க முதல் மாச பில்லுலேர்ந்தே மாத்தறதுக்குன்னு ஒரு தொகைய தனி அக்கவுண்ட்ல போட்டு வைக்கணும்னு நான் எங்க சங்கத்துல கத்தறது இதனாலதான்.

நீங்க பத்து வீடா ஆரம்பிக்கறீங்கன்னா பேனல் கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஜூன்ல ஒரு வாரம், டிசம்பர்ல ஒரு வாரம் 15 நிமிஷ ரீடிங் வாங்குங்க. ஒரே ஷீட்ல அடுக்கி, பகல் 10லேர்ந்து 3 வரைக்கும் யார் இழுக்கறாங்கன்னு பாருங்க. யாருமே இல்லன்னா பஞ்சாயத்து ஆபீஸுக்கு போய் பம்பு, குளம், சுத்திகரிப்பு நிலையம் எதுவாவது சேருமான்னு கேளுங்க, கூடவே எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மர்ல வருதுன்னு கிரிட் கம்பெனி வெப்சைட்ல மீட்டர் நம்பர் போட்டு பார்த்துடுங்க, ஏன்னா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற வீடு வேற டிரான்ஸ்பார்மரா இருக்கறது இங்க ரொம்ப சகஜம்.